கரகத்து அடி

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில் போன் திருத்தும் கடை ஒன்று இருக்கிறது. போன வாரம் அம்மாவின் போனை அங்கே கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். சார்ஜ் ஏறவில்லை. கடைக்காரர் போனைப் பிரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சூட்டுக்கோலின் நுனியால் ஈயக் கம்பியைத் தொட்டார். மெல்லிய புகை எழுந்தது. குங்கிலியம் கருகுகிற மாதிரி ஒரு வாசனை. சிலருக்கு மல்லிகைப்பூ வாசனையில் பழைய நாட்கள் திரும்பி வரும். எனக்கு வாய்த்தது ஈயப் புகை. அவரவர் கொடுப்பினை.

நான் முதன்முதலில் வேலை பார்த்த அறையில் இந்த வாசனையோடு லீக்ஸ் வாசனையும் சேர்ந்திருக்கும். பண்டாரவளையில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேல்மாடி அது. கீழே லொறியில் கோவாவும் கரட்டும் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். மேலே நாங்கள் இரண்டு பேர் மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு குனிந்திருப்போம். ஒன்று நான். மற்றவர் தயாபரன் சார். யாழ்ப்பாணத்துக்காரர், தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் படிப்பித்து ஓய்வுபெற்று, ஊருக்குத் திரும்பாமல் இந்தக் குளிரிலேயே தங்கிவிட்டவர். தேயிலை ஃபெக்டரிகளுக்குச் சின்னக் கருவிகள் செய்து கொடுப்பார். கொழுந்து வாட்டுகிற இடத்தில் சூடு பார்ப்பது, ஈரம் பார்ப்பது, அளவு தப்பினால் மணி அடிப்பது, இப்படி. கருவியை அவர் செய்வார். அதற்குள் இருக்கும் நகத்தளவுச் சில்லு என்ன செய்ய வேண்டும் என்பதை நான் சீ (C) என்ற கணினி மொழியில் எழுதுவேன்.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். என்ன வேலை என்று கேட்டபோது, "ஒரு பொட்டிக்கு புத்தி சொல்லிக் குடுக்கிறேம்மா" என்றேன்.

"ஒனக்கே ஒரு ஆளு சொல்லிக் குடுக்கணும்" என்றார். அதற்கு மேல் அவர் விசாரிக்கவில்லை.

சீ மொழியோடு பழகியவர்களுக்குத் தெரியும், அது நாம் நினைத்ததைச் செய்யாது, சொன்னதைச் செய்யும். மற்ற மொழிகள் கொஞ்சம் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். இது நாம் பள்ளத்தை நோக்கி நடந்தால் பள்ளத்துக்கே வழிவிடும். சார் முதல் நாளே ஒன்று சொன்னார். "எச்சரிக்கை எல்லாத்தையும் போட்டுவிடு பிள்ளை. அது கத்தினால் நல்லது. கத்தாமல் இருக்கேக்கைதான் பயப்பட வேணும்." எழுதியதைச் சில்லுக்குப் புரியும்படி மாற்றித் தரும் தொகுப்பி கொடுக்கும் எச்சரிக்கைகளைத்தான் சொன்னார். ஒரு எச்சரிக்கைகூட மிச்சமில்லாமல் தீர்த்த பிறகே சில்லில் ஏற்ற விடுவார்.

அந்தச் சில்லுகளுக்குத் திரை கிடையாது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு சின்ன விளக்கை மினுக்கலாம். இல்லாவிட்டால் ஒரு வயரை லெப்டொப்புக்கு இழுத்து, வரிவரியாக எதையாவது எழுதிக் காட்டச் சொல்லலாம். பெரிய கருவிகள் எல்லாம் இருக்கிறதுதான், ஓட்டத்தை நிறுத்தி உள்ளே எட்டிப்பார்க்க. ஆனாலும் நான் கண்ட இடத்தில் எல்லாம் ஒரு அச்சு வரி போட்டுவிடுவேன். லெப்டொப் திரையில் "வந்தேன்", "இங்கயும் வந்தேன்", "ஏன் வந்தேன்" என்று ஓடும். சார் அதைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்.

அப்படி இருக்கும்போதுதான் என் தோட்டத்து வேலையே எங்கள் மேசைக்கு வந்தது. லுணுகலைக்கு மேலே நான் பிறந்த தோட்டம். அதன் மேல் பிரிவில், செங்குத்தான தேயிலை மலைக்குக் கீழே, ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளாக ஒரு லயம். அதில் அம்மாவின் வீடும் ஒன்று. மழைக்காலத்தில் மலையில் வெடிப்புத் தெரிய ஆரம்பித்திருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இந்த லயத்தில் குடியிருக்கக் கூடாது என்று சொன்னார்கள். எங்கே குடியிருக்கலாம் என்று சொல்லவில்லை. வேறு காணி கிடைக்கும்வரை ஒரு தொண்டு நிறுவனம் எச்சரிக்கைக் கருவி வைத்துத் தர முன்வந்தது. மழை ஓர் அளவைத் தாண்டினால் மின்சாரச் சங்கு ஊதும், சனங்கள் வீட்டை விட்டு மாரியம்மன் கோவில் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். அந்த மேடு பாறை, அசையாது. அவ்வளவுதான் திட்டம். சங்கு ஊதுவதும் ஊதாததும் என் கையில் இருந்தது, அம்மா அந்த மலைக்குக் கீழே படுத்துத் தூங்கினார்.

மழை அளக்கும் கருவிக்குள் ஊஞ்சற்பலகை மாதிரி ஒரு சின்னத் தட்டு இருக்கும். தண்ணீர் நிறைந்தால் ஒரு பக்கம் சாய்ந்து கொட்டிவிடும். சாயும்போதெல்லாம் ஒரு சுவிட்ச் தொட்டு விலகும், நான் அதை எண்ணுவேன். சின்னப்பிள்ளைக் கணக்கு என்று நினைத்தேன். முதல் நாள் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் புயல் வந்துவிட்டதாக அது சொன்னது. சுவிட்ச் ஒரு தடவை தொடும்போது உண்மையில் பல தடவை துடிக்கிறது, நம் கண்ணுக்குத்தான் ஒன்று. ஒன்றை எண்ணிய பிறகு கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கொள்ளச் சில்லுக்குச் சொன்னதும் சரியானது.

அடுத்ததாக அது ஒன்றையுமே எண்ணாமல் இருந்தது. நான் எழுதிய எண்ணிக்கையை ஒரு மூலையில் மழை மாற்றிக்கொண்டிருந்தது. நிரலின் இன்னொரு மூலை, இதை இங்கே யாரும் மாற்றவில்லையே என்று தானாக முடிவு செய்து பழைய மதிப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. இது கேட்காமலே மாறக்கூடியது, ஒவ்வொரு முறையும் போய்ப் பார் என்று சீ மொழியில் ஒரு சொல் போட வேண்டும். நான் போடவில்லை. அம்மா இன்றைக்கும் என் தேத்தண்ணியில் பள்ளிக்கூட நாளில் போட்ட அதே அளவு சீனியைத்தான் போடுகிறார். நான் சீனியை விட்டுப் பல வருஷம். அவருக்கும் அந்தச் சொல்லை யாரும் போடவில்லை.

கருவி தயாரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்தோம். கரண்ட் வசதி கொழுந்து நிறுக்கிற மடுவத்தில்தான் இருந்தது, அதனால் சங்கை அதன் கூரையில் பூட்டினோம். முதல் நாள் மாலை கோவிலில் கூட்டம் போட்டு, சங்கு கேட்டால் இங்கே வர வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லியாயிற்று. எல்லாரும் தலையாட்டினார்கள். காலையில் நானும் சாரும் கோவில் மேட்டில் போய் நின்றுகொண்டோம். சங்கு ஊதியது. லயத்தில் கதவுகள் திறந்தன. சனங்கள் வெளியே வந்தார்கள். வந்து, எங்கள் பக்கம் ஏறாமல், மறுபக்கம் இறங்கி நடந்தார்கள்.

பெரட்டுக்களத்துக்குப் போனார்கள். காலையில் ஆட்களைக் கூட்டி, பேர் பார்த்து, வேலை பிரிக்கிற இடம். அது வெடிப்பு விட்ட மலைக்கு நேர் கீழே. நான் ஓடினேன். பாதிப் பேர் கூடையோடும் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கோடும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். முன்வரிசையில் அம்மா.

"ஏம்மா இங்க வந்து நிக்கிற?"

அம்மா என்னை விநோதமாகப் பார்த்தார். "சங்கு ஊதிச்சில்ல?"

பக்கத்தில் நின்ற பாக்கியம் அத்தைக்கு வேறு கவலை. "ஞாயித்துக்கெழமையில கூப்புட்டுருக்காங்களே, இன்னைக்கும் சம்பளத்துக்குப் பேரு போடுவாங்களா பாப்பா?"

சிரிப்பு வந்தது, உடனே போய்விட்டது. அவர்களுக்குக் காது கேட்டதும் மூளை யோசிக்கவில்லை, கால் போய்விட்டது. வாழ்நாள் முழுக்க வேலைக்குக் கூப்பிடும் சங்கு கேட்டால் போகிற இடத்துக்குப் போனது. சார் கோவிக்கவில்லை. "சனத்தைப் பிழை சொல்லேலாது பிள்ளை. சத்தம்தான் பிழை" என்றார். ஒலியைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்போமா, விட்டு விட்டு ஊத வைப்போமா என்று கேட்டார். எப்படி ஊதினாலும் சங்கு சங்குதான் என்று எனக்குத் தெரியும். நானும் அந்த லயத்தில் பிறந்தவள்தானே.

சார் முதல் பஸ்ஸில் திரும்பிவிட்டார், நான் பிந்தி வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பசறையைத் தாண்டும் வளைவுகளில் தலை சுற்றாமல் இருக்க முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வது வழக்கம். பக்கத்தில் இருந்த பெண் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"எந்தத் தோட்டத்துல கரகம்?"

அப்போதுதான் கவனித்தேன். என் விரல்கள் கம்பியில் கரகத்து அடியைத் தட்டிக்கொண்டிருந்தன.

தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் திருவிழாவில் ஆற்றங்கரையில் குடத்தில் நீர் நிறைத்துப் பூச் சுற்றிக் கரகம் பாலித்து, பூசாரி அதைத் தலையில் வைத்ததும் தப்பு மேளத்தில் ஓர் அடி விழும். வேறு எதற்கும் அந்த அடி இல்லை. அது கேட்டதும் லயத்தில் ஒருவரும் வீட்டுக்குள் இருக்கமாட்டார்கள். உலையை இறக்கிவைத்து, பிள்ளையை இடுப்பில் தூக்கி, மஞ்சள் தண்ணீரோடு வாசலுக்கு வந்து, கரகத்துக்குப் பின்னால் சேர்ந்து ஏறுவார்கள். எங்கே? கோவில் மேட்டுக்கு.

பண்டாரவளையில் இறங்கியதும் நேராக மாடிக்குப் போய்ச் சாரிடம் சொன்னேன். அவர், "சங்குக்குச் சுருதி இல்லை. தாளம் மட்டும் போதுமோ?" என்று கேட்டார். போதும் என்றேன்.

தப்பு அடிக்கிற சின்னராசு மாமாவைப் போனில் பிடித்து, ஒருமுறை அடித்துக் காட்டுங்கள், பதிவு செய்துகொள்கிறேன் என்று கேட்டேன். அவர் மாட்டேன் என்றார். "சும்மா அடிக்கக் கூடாதும்மா. அது ஆத்தா எந்திரிக்கிற அடி." கோவில் கமிட்டித் தலைவரிடம் பேசச் சொன்னார். தலைவர் யோசித்தார். "உசுரு காக்கத்தானே கேக்குற. ஆத்தா கோவிக்க மாட்டா. ஆனா மாமாவ அடிக்கச் சொல்லாத, ஒன் மிசினே அடிக்கட்டும்" என்றார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சமாதானம் இருந்தது.

அதனால் நானே அடித்தேன். தாளத்தைக் காகிதத்தில் எழுதிக் கணக்குப் போட ஆரம்பித்து, ஒவ்வொரு இடைவெளியாகத் திருத்தி, சங்கில் கேட்டால் கல்யாண மேளத்துக்கும் சாவு மேளத்துக்கும் நடுவில் எதுவோ வந்தது. சார்தான் வழி சொன்னார். "கையால எழுதாதை. எழுதித் தாற ஒரு சின்னப் புரோகிராமை எழுது." சீ மொழிக்காரர்களின் நல்ல பழக்கங்களில் இது ஒன்று. அலுப்பான வேலை வந்தால், அந்த வேலையைச் செய்யாமல், அதைச் செய்கிற இன்னொன்றை எழுதிவிடுவது. சின்னதாக ஒன்று எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு விசையைத் தட்டினால், தட்டலுக்கும் தட்டலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று அளந்து, எண்களை அப்படியே வரிசையாக அச்சிட்டுத் தரும். கண்ணை மூடித் தட்டினேன். வேப்பிலை வாசனை வந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அங்கே இருந்தது லீக்ஸ் மட்டும்தான். ஆத்தா எழுந்து வருகிற அடி, கமாவுக்குப் பின் கமா போட்டுத் திரையில் நின்றது. அதை வெட்டி நிரலில் ஒட்டினேன். எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை.

இரண்டாவது ஒத்திகையில் சங்கு கரகத்து அடியை அடித்தது. கரகரத்த குரலில், தப்பின் இனிமை எதுவும் இல்லாமல் அடித்தது. ஆனால் லயம் கலகலவென்று வெளியே வந்தது, கோவில் மேட்டுப் பக்கம் திரும்பியது. அம்மா கையில் சொம்பு வேறு. நான் சாரைப் பெருமையாகப் பார்த்தேன். அப்போது பாதையின் நடுவில் பாக்கியம் அத்தைக்குச் சாமி வந்துவிட்டது. வருஷாவருஷம் அந்த அடியில் அவருக்குத்தான் ஆத்தா இறங்குவது. கூந்தல் அவிழ, வழியை மறித்துக்கொண்டு ஆட ஆரம்பித்தார். பின்னால் வந்த கூட்டம் முழுக்க நின்றுவிட்டது. மலை இடிவதற்கான ஒத்திகை என்பதை மறந்து, ஒருவர் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று குறி கேட்டுக்கொண்டிருந்தார். தலைவர் திருநீற்றுக்கு ஓடினார்.

சனங்கள் ஏறும் நேரத்தை அளந்துகொண்டிருந்த சார் நிறுத்தற் கடிகாரத்தை நிறுத்தவில்லை. "இதுக்கும் ஒரு நிபந்தனை எழுதேலுமோ பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்டார்.

எழுத முடியாததால் அத்தையிடம் போய்ப் பேசினோம். அவர் வெட்கப்பட்டார். பிறகு வெகு பொறுப்பாக, "அன்னைக்கு ஆத்தா வந்தா நடந்துகிட்டே வரச் சொல்றேன்" என்றார்.

அந்த நாள் வந்தபோது நான் பண்டாரவளையில் இருந்தேன். விடாத மழை. கீழே கடை திறக்கவில்லை, லொறி வரவில்லை. மத்தியானத்துக்குக் கொஞ்சம் பிறகு அம்மாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பின்னணியில் நிறையக் குரல்கள், ஒன்றும் விளங்கவில்லை. "எல்லாரும் கோயில்ல இருக்கோம்" என்று அம்மா சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

சாப்பிடுகிற நேரத்தில் அடி கேட்டிருக்கிறது. போட்டது போட்டபடி எழுந்துவிட்டார்கள். பாக்கியம் அத்தைதான் முன்னால் ஏறினாராம், சாமி வந்தபடியே, நிற்காமல். கடைசி ஆள் மேட்டில் கால் வைத்துக் கொஞ்ச நேரம்தான். மலை வந்தது. லயம், பெரட்டுக்களம், மடுவம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு போய்விட்டது. "அடி பாதியில நின்னுச்சு. அப்பதான் திரும்பிப் பார்த்தோம்" என்றார் அம்மா. பிறகு, "சோத்த மூடாம வந்துட்டேன்" என்றார். அதையே இரண்டு மூன்று தரம் சொன்னார்.

ஒரு உயிர்கூடப் போகவில்லை. நான் அழுதிருக்க வேண்டும், சிரித்திருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை. நிரலைத் திறந்து முதல் வரியிலிருந்து வாசித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. சார் தோளைத் தொட்டு, "வீட்டை போ பிள்ளை" என்றார். பாதை மூடியிருந்தது, வீடும் இல்லை. அதை அவருக்குச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி இப்போதும் அந்தப் பிற்பகலை அவ்வப்போது கிள்ளிப் பார்க்கிறேன். உணர்ச்சி திரும்பவில்லை.

பிறகு லயத்துச் சனங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், தகரக் கொட்டகைகளில் இருந்தார்கள். ஒருவழியாக வேறொரு பக்கத்தில் வீடுகள் கிடைத்தன. ஆளுக்கொரு வாசல், ஆளுக்கொரு குழாய். அம்மாவுக்கு அந்த வீட்டைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பழைய மேட்டுக்குப் போகக் கூடாது என்று அதிகாரிகள் தடுத்துவிட்டதால், ஆத்தாளையும் கொண்டுவந்து வீடுகளுக்குப் பக்கத்தில் சின்னக் கோவில் கட்டினார்கள். சாரும் அதற்குள் உடம்புக்கு முடியாமல் யாழ்ப்பாணம் போய்விட்டார், மாடி அறை பூட்டப்பட்டது. நான் கொழும்பில் வேலைக்குப் போனேன்.

புது இடத்தில் முதல் திருவிழாவுக்கு வந்திருந்தேன். ஓடையில் கரகம் பாலித்தார்கள். பூசாரி தலையில் தூக்கி வைத்தார். சின்னராசு மாமா தப்பைத் தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றி, அடியை எடுத்தார். நல்ல வெயில். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

கதவுகள் திறந்தன. ஒரு கையிலும் மஞ்சள் தண்ணீர் இல்லை. பெண்கள் கைக்கு எட்டிய பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினார்கள், அது யார் பிள்ளை என்றுகூடப் பார்க்கவில்லை. எங்கே ஓடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கம் மேடு கிடையாது. சிலர் றோட்டைப் பார்த்து, சிலர் பள்ளத்தைப் பார்த்து ஓடினார்கள். மலை வந்த நாளில் கைக்குழந்தைகளாக இருந்தவர்கள்கூட வீறிட்டு அழுதார்கள். பாக்கியம் அத்தை வாசற்படியில் ஆடாமல் அசையாமல் நின்றார். அவருக்குச் சாமி வரவில்லை. வாயைத் திறந்தபடி எதிரே இருந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கையை நிறுத்தினார். பூசாரி மட்டும் தலையில் கரகத்தோடு, நடுறோட்டில், பின்னால் ஒரு ஆள் இல்லாமல் நின்றார்.

அன்று மாலை கமிட்டி கூடியது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. என்னையும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "அந்த அடி இனி வேணாம்" என்றார் தலைவர். மாமா தலையை ஆட்டினார். அவ்வளவில் முடிந்தது.

இப்போது கரகம் சேகண்டிச் சத்தத்தோடு மட்டும் வருகிறது. ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு வேறு ஓடிக்கொண்டிருப்பதால் அதுவும் அவ்வளவாகக் கேட்பதில்லை. புதிதாகப் பிறந்த பிள்ளைகளுக்குக் கரகத்து அடி என்று ஒன்று இருந்ததே தெரியாது. அந்த எண்கள் என் லெப்டொப்பில் இருக்கின்றன. ஓடவிட்டால் ஓடும். யாருக்காக ஓட விடுவது?

இந்த வருஷத் திருவிழா அன்று அம்மாவோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு, வேப்பிலை, தேங்காய் எல்லாம் கதவோரம் எடுத்து வைத்திருந்தார். கரகம் வந்துவிட்டதா என்று கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கேட்டார். ஒலிபெருக்கிப் பாட்டைத் தவிர என் காதில் ஒன்றும் விழவில்லை, இன்னும் இல்லை என்றேன். பக்கத்து வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டினார்.

"என்னாக்கா உள்ளேயே இருக்கீங்க? ஆத்தா போயிருச்சு."

அம்மா சொம்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார். றோடு காலியாக இருந்தது. கரகம் வளைவைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.